மரவள்ளிப் பாத்தியில் இரண்டு துளைகள்

இடது பாதத்தில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்து அழுத்தியது போல இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலுக்குச் சற்று முன்னால் இரண்டு துளைகள். இரண்டிலும் ரத்தம் துளிர்த்திருந்தது.

சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆண்ட காலம் அது. எனக்கு வயது பத்தொன்பது. ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மாடியில் அண்ணன், அண்ணியோடு இருந்தேன். அண்ணனுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். அரிசி கிடைக்காததால், எல்லோரையும் போல நாங்களும் பின்பக்கக் காலி நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தோம். செருப்பின் வார் அறுந்தால் வேறு வாங்க வழியில்லை என்பதால், அதை ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்குவோம்.

என் சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணி பாதத்தைப் பார்த்தார். "ஐயோ, ரெண்டு பல்லு பட்டிருக்குடி!" என்றவர் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினார். அந்த நாளில் ஒரு முழம் துணி எத்தனை அருமை என்பது அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குத் திரிஷாவில் (ஆள் மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி) போகும்போது அண்ணி என்னைக் கண்மூட விடவில்லை. "தூங்குனே, அறைஞ்சிருவேன். உங்கண்ணன் வந்து கேட்டா நான் என்னடி சொல்றது? எதாவது பேசு."

"எரியுது அண்ணி."

"எரியட்டும். எரியிற வரைக்கும் உசுரு இருக்குன்னு அர்த்தம்."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துக்கூட நோயாளிகள் படுத்திருந்தார்கள். எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் ஒருவர் (டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்கு மருந்து கட்டுபவர், டாக்டர்கள் குறைவான அந்த நாளில் பாதி வைத்தியம் அவர்கள் கையில்தான்).

"பிள்ளை, பாம்பைக் கண்டனீரோ?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"எரிவு உடனயோ, பிறகோ?"

"உடனே."

அவர் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துளைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். "இவ்வளவு அகலமான வாயெண்டா, அந்தப் பாம்பைப் பார்த்து ஜாலான் புசாரே ஓடியிருக்குமே!" என்றார். அண்ணி சிரிக்கவில்லை.

"பகிடியை விடுவம். பாம்பெண்டா நான் இந்தக் கட்டை அவிழ்க்க ஏலாது. வேற ஏதுமெண்டா, இந்தக் கட்டே காலைத் தின்னும். விரல் நீலமாகுது, பாரும். அந்த மண்ணுக்குள்ள என்ன கிடக்கு? சொல்லும் பிள்ளை."

எனக்குத் தெரியும். உரத்துக்காக அண்ணி சந்தையிலிருந்து ஒரு கூடை மீன் கழிவு கொண்டுவந்திருந்தார். நிறையக் கெளுத்தித் தலைகள். பக்கவாட்டு முட்களைக் கல்லால் தட்டி உடைத்து, முழங்கை ஆழத்தில் புதைக்கச் சொன்னார். நாற்றம் தாங்காமல் நான் அப்படியே போட்டு, மேலாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். ஆழமாகப் புதைத்துவிட்டதாக அண்ணியிடம் பொய்யும் சொல்லியிருந்தேன்.

கிழிந்த சேலையோடு அவர் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? போகப்போவது என் கால் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. டிரெஸ்ஸர் காத்திருந்தார். விரல்கள் இன்னும் கறுத்தன.

"கெளுத்தித் தலைங்க ஐயா," என்றேன் கடைசியில். "முள்ளை உடைக்கல. மேலாப்ல புதைச்சுட்டேன்."

"அடிப்பாவி! ஒரு மீன் தலைக்கா என் சேலையக் கிழிச்சேன்?" என்ற அண்ணி, அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டிரெஸ்ஸர் கட்டை வெட்டிவிட்டார். செத்த கெளுத்திக்கும் அந்த இரண்டு முட்கள் விறைத்தே நிற்குமாம். ரம்பம் போன்ற ஒரு துண்டை அவர் இடுக்கியால் எடுத்தார். பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்ததும் எரிச்சல் இறங்கியது.

இன்னொரு துளையில் சீழ்க்கட்டு (தோலுக்கடியில் சீழ் சேர்ந்து வீங்குவது) வந்தது. மருந்து கையிருப்பில் இல்லை. புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு கணுக்காலைத் தாண்டினால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தினமும் காலையில் அண்ணி அந்தச் சிவப்பின் விளிம்பில் அடுப்புக்கரியால் கோடு போடுவார். மதியம் உப்பு வெந்நீர். மாலையில் கொதிக்கவைத்து உலர்த்திய துணிக்கட்டு. கோடு நாளுக்கு நாள் மேலே ஏறியது. கணுக்காலுக்கு ஒரு விரற்கடை கீழே ஒருநாள் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. அந்த வாரமே மிச்சமிருந்த முள் சீழோடு வெளியே வந்தது.

அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அரிசி மாதிரியே இருக்கு. பானையில போட்டுராதடி!"

தங்களை என்ன குத்தியது என்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வலி எப்போது தொடங்கியது, அந்த இடத்தில் என்ன கிடந்தது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வெட்கப்படுகிற விஷயமாக இருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. அண்ணி இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. கரிக்கோட்டிலிருந்து வெந்நீருக்கும், வெந்நீரிலிருந்து துணிக்கட்டுக்குமாக நகர்ந்த அந்தப் பகல்களைப் போல நீளமான பகல்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

தழும்பில் உணர்ச்சி இல்லை. மழை பெய்து ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால், பாதம் முழுக்கக் குளிர்ச்சி தெரியும். அந்தக் காசளவு இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. என் காலை வேறு யாரோ கையில் பிடித்திருப்பது போல இருக்கும். அடுத்த அடியை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்துவைக்கிறேன்.