பொம்மசந்திராவுக்கு அம்மாவின் மிளகாய்த்தூளோடு

மலையும் அருவியும் இல்லாத பயணத்தை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் போனது பொம்மசந்திராவில் இருக்கும் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு. கூட வந்தது அம்மா. அவர் மடியில் மிளகாய்த்தூள்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலேயே அம்மா தூள் போட்டு விற்கிறார். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இடம் கேட்டோம். பரிசோதனை அறிக்கை இருந்தால்தான் கடை என்றார்கள். அந்தக் கடை கிடைத்தால் அம்மா பாத்திரம் தேய்க்கப் போகும் இரண்டு வீடுகளை விட்டுவிடலாம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் வேதியியல். அதனால் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டு அழைத்துப்போனேன்.

ட்ரினிட்டியில் எட்டேகாலுக்கு மெட்ரோ. மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறினால் மஞ்சள் பாதை பொம்மசந்திராவில் விடும். ஒன்றரை மணி நேரம், ஒருவருக்குத் தொண்ணூறு ரூபாய்க்குள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

வரவேற்பில் இருந்த கன்னடப் பெண் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது நீங்க விக்கிற பாக்கெட்டா?"

"இல்லம்மா, உங்களுக்குன்னே தனியா அரைச்சது!" என்றார் அம்மா, விருந்தாளிக்குப் பரிமாறுகிற முகத்தோடு. "காம்பு கிள்ளி, ஒவ்வொண்ணா துடைச்சு."

"அய்யோ ஆன்ட்டி, எங்களுக்கு ஸ்பெஷல் பேடா, வேண்டாம். ஜனங்களுக்கு என்ன குடுக்கறீங்களோ அதே குடுங்க."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். "விக்கிறது மழையில காஞ்ச மிளகாடி. ஃபேன் கீழ போட்டு காயவெச்சேன். ஃபெயில் ஆயிட்டா? இன்னொரு நாள் இதையே பாக்கெட் போட்டு எடுத்துட்டு வரலாம்."

"அப்ப மழை மிளகா சாப்பிடறவங்கம்மா?"

  அம்மா தானாகவே போனை எடுத்தார். வீட்டில் பாக்கெட் மிச்சமில்லை; எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் கே.ஜி.எஃப். குமார் அண்ணன் எங்கள் தூளைத்தான் வாங்குகிறார். திரும்பி வந்து நேரே அவர் மெஸ்ஸுக்குப் போனோம்.

"என்னக்கா, வித்தத நீயே திரும்ப வாங்குற? உள்ள செங்கல்லு கிங்கல்லு அரைச்சுட்டியா?" என்று சிரித்தபடி, பிரிக்காத இரண்டு பாக்கெட்டைக் கொடுத்தார்.

"ரிசல்ட் வரட்டும்டா, உனக்கு இருக்கு," என்றார் அம்மா. அன்று மதியமே மறுபடி பொம்மசந்திராவுக்குப் போய் அந்தப் பாக்கெட்டுகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. செயற்கைச் சாயம் இல்லை. பூஞ்சை நச்சு இல்லை. ஈரப்பதம் எல்லைக்குள், ஆனால் விளிம்பில். அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னார். "விளிம்பு" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். அந்த வாரமே சும்மா கிடந்த பழைய மிக்சியை விற்று, மிளகாய் உலர்த்த ஒரு பெட்டி வாங்கினோம். இத்தனை பெருமையாக நான் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

போகிறவர்களுக்கு: எவ்வளவு தூள் வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கட்டணம் என்று முன்பே போனில் கேளுங்கள். விற்கும் பாக்கெட்டையே பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசி வரை தள்ளிவைத்தது ஒன்று உண்டு. எங்களுக்குக் கடை கிடைத்துவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, "டெஸ்ட் பண்ணீங்களா?" என்று அம்மாவிடம் கேளுங்கள். என்னிடம் வேண்டாம். ஈரப்பதத்தில் ஆரம்பித்து மழை மிளகாய் வரை அவர் எல்லாவற்றையும் விளக்குவார். பாதியில் நகர்ந்துவிடாதீர்கள்.