பறங்கிப் பாஷை பழக்கப் போன பாடு

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவர்களே, சொந்தக்காரருக்கு அவர்களுடைய சொந்தப் பாஷையைப் பழக்கும் வேலை மட்டும் உங்கள் எதிரிக்கும் வரக்கூடாது. மட்டக்களப்புப் பறங்கியரான எங்களிடம் போர்த்துக்கீசர் விட்டுப்போன ஒரு பாஷை இருக்கிறது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், பிள்ளைகளோடு தமிழ்தான். இப்படியே போனால் எங்களோடு அது முடிந்துவிடும் என்று பயந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் புளியந்தீவில் ஒரு வகுப்பு தொடங்கினேன்.

வாசலிலேயே வாங்கிய அடி

முதலில் ஒன்றுவிட்ட தங்கச்சி டொரின் வீட்டுக்குப் போனேன். மகள் ஷெரினை வகுப்புக்கு அனுப்பச் சொன்னால், முகத்துக்கு நேரே முடியாது என்றாள்.

குசினி அடுப்படிக்கு இழுத்துப்போய்க் காரணம் சொன்னாள். அவள் வீட்டுவேலைக்குக் குவைத் போகப்போகிறாளாம். ஷெரினுக்கு இன்னும் சொல்லவில்லையாம். புருசனும் தானும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அதைப் பேசி முடித்தது எங்கள் பாஷையில்தானாம். "இதையும் நீங்க பிள்ளைக்குப் பழக்கிப்போட்டா, மறுகா நாங்க எதில கதைக்கிற அக்கா?"

பாதர் கைதட்டினார்

வகுப்பைப் பார்க்கப் பாதர் வந்திருந்தார். வீட்டில் கேட்டுப் பழகியதைச் சொல்லுங்கள் என்றேன். தச்சுவேலை மெர்வினின் மகன் கைகட்டி நின்று, மூச்சுவிடாமல் கெட்ட வார்த்தைகளாகக் கொட்டினான். உச்சரிப்பு அச்சொட்டு. பாதர் தமிழர், ஒன்றும் விளங்காமல் கைதட்டினார்.

மெர்வினைத் தனியே பிடித்துக் கேட்டேன். மனிதருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "சுத்தியல் விரலில விழக்குள்ள வேற என்னத்த ரீச்சர் சொல்லுற?"

ஒரு முழு வசனம்

என் நச்சரிப்புத் தாங்காமல் டொரின் ஒருநாள் ஷெரினைக் கூட்டி வந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது, நிறங்களை மட்டும் பழக்கினால் போதும் என்றாள். யாராவது ஒரு முழு வசனம் சொல்லுங்கள் என்று நான் மாதக்கணக்காகக் கெஞ்சுகிறேன்; ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை. அன்றும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

ஷெரின் எழும்பினாள். தாயையே பார்த்துக்கொண்டு, எங்கள் பாஷையில், ஒரு பிழையுமில்லாமல் கேட்டாள். டொரின் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அம்மா, குவைத்துக்குப் போறதெண்டு எனக்கு எப்ப சொல்லப் போறீங்க?"

பிள்ளைகளுக்கு இந்தப் பாஷை விளங்கவில்லையே என்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்த நான், இப்போது விளங்கிவிட்டதே என்று வீட்டுக்குள் இருந்து அழுகிறேன்.