தரையில் உட்கார்ந்த சனிக்கிழமை

போன வருஷம் மழைக்காலத்தில் நான் இரண்டு தடவை விழுந்தேன். முதல் தடவை விழுந்தது வீட்டுக்குத் தெரியும். பாத்ரூம் வாசலில் வழுக்கி உட்கார்ந்தவளை மருமகள்தான் தூக்கி நிறுத்தினாள். அன்றைக்கு மகன், "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா தனியா எங்கயும் அனுப்ப மாட்டேம்மா" என்றான். அவன் கத்தவில்லை, மெதுவாகச் சொன்னான். அதனால்தான் பயமாக இருந்தது. நான் தனியாகப் போகிற இடமே இரண்டுதான். காலைப் பூசைக்கு மாதா கோவில். சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க் பக்கத்துச் சமுதாயக் கூடம்.

இரண்டாவது தடவை விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலிலிருந்து இறங்கும்போது புடவை காலில் சிக்கிக்கொண்டது. அடி படவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தரையிலேயே தேய்ந்து தேய்ந்து ஹாலுக்கு வந்து, சோபாவில் நெஞ்சைச் சாய்த்து எப்படியோ ஏறி உட்கார்ந்தபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. அதற்கப்புறம் நான் தரையில் உட்காரவே இல்லை. பூண்டு உரிப்பதும் நாற்காலியில், ஜெபமாலை சொல்வதும் நாற்காலியில்.

கூடத்திலும் நாற்காலிதான். நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டுவோம், காலை மடக்குவோம். தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய ஓர் அக்கா "ஒந்து, எரடு" என்று கன்னடத்தில் உரக்க எண்ணுவார். நான் கடைசி வரிசை. எனக்கு நாலு பேர் முன்னால் வாயே திறக்காது.

அடுத்த சனிக்கிழமை காலேஜ் பிள்ளைகள் வந்து எங்களோடு சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள் என்று கூடத்துக்காரர் சொன்னார். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளாம். எங்களுக்கு வேறு மாதிரி புரிந்தது. காலேஜிலிருந்து வருகிறார்கள் என்றால் மெடிக்கல் கேம்ப், கேம்ப் என்றால் சுகர் டெஸ்ட். ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லி, பன்னிரண்டு பேரும் காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தோம்.

பிள்ளைகள் பை நிறைய ரப்பர் பெல்ட்டும் பாயும் கொண்டுவந்தார்கள். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை பார்த்து ரிடையரான ஐயா எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஊசி எங்கம்மா?"

"ஊசியா? நாங்க எக்ஸர்சைஸ் பண்ணத்தான் வந்தோம் அங்கிள்."

"அடக் கடவுளே, சுடச்சுட ரெண்டு இட்லிய தட்டோட விட்டுட்டு வந்தேனே!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கிவந்தார்கள்.

ஆளுக்கு ஒரு பிள்ளை. எனக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். "பாட்டி, தமிழா? அப்பாடா! எனக்குக் கன்னடம் அரைகுறைதான். எங்க மிஸ் வேற பாத்துட்டே இருக்காங்க" என்றாள். கையில் இங்கிலீஷில் அச்சடித்த காகிதம். நான் அஞ்சாவதோடு நின்றவள், அதனால் அவளே படித்துப் படித்துக் கேட்டாள்.

"போன ஒரு வருஷத்துல எத்தனை தடவ விழுந்தீங்க?"

"விழலம்மா."

அவள் பூஜ்யம் போட்டாள். பக்கத்தில் தங்கவயல் அக்கா, "விழுறதா? எங்க வம்சத்துலயே யாரும் விழுந்ததில்ல, எழுதிக்கோ" என்றார். அன்றைக்கு எல்லோருடைய காகிதத்திலும் பூஜ்யம்தான்.

அப்புறம் பாயை விரித்து, "எல்லாரும் கீழ உக்காருங்க" என்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை. ஒருவருக்குப் புடவை புதுசு. ஒருவர் செருப்பை வெளியே பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஐயா, "இப்பத்தான் பன்னு சாப்ட்டேன், இறங்கட்டும்" என்றார். அந்தப் பெண்ணின் மிஸ் அவளையே பார்த்தபடி நின்றார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. "பாட்டி, ப்ளீஸ்" என்றாள்.

முடியாது என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. அவள் கையைப் பிடித்து இறங்கினேன், கடைசி ஒரு சாண் உயரத்தில் தொப்பென்று விழுந்தேன். காலை நீட்டு, மடக்கு என்றாள், செய்தேன். எல்லாம் முடிந்து, "எழுந்திரிங்க பாட்டி" என்றாள்.

எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினேன், இடுப்பு எழும்பவில்லை. மறுபடி ஊன்றினேன். கூடத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். கூடத்துக்காரரிடம் என் மகன் நம்பர் இருக்கிறது. இனி பூசையும் இல்லை, இந்தக் கூடமும் இல்லை, சோபாதான் என்று நினைத்தேன்.

அவள் என்னைத் தூக்கக் குனிந்தாள். "தூக்காதம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள், "எத்தனை தடவ பாட்டி?"

"ரெண்டு. ரெண்டாவது வீட்டுக்குத் தெரியாது."

பேனாவை அவள் தொடவில்லை. "நேரா எழுந்திரிக்கப் பாக்குறீங்க, அதான் வரல. முதல்ல ஒருக்களிச்சுத் திரும்புங்க. அப்புறம் குழந்தை தவழுற மாதிரி கையும் முட்டியும்" என்றாள். நான் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். திரும்பினேன். முட்டி போட்டேன். ஐயா ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் முன்னால் போட்டு, முதுகுப் பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பிடிச்சிருக்கேன்மா, ஓடாது." நாற்காலியில் இரண்டு கையையும் வைத்தேன். வலது பாதத்தைத் தரையில் ஊன்றினேன். உடம்பு தானே மேலே வந்தது. என்னைத் தொட்டுத் தூக்கியவர் யாருமில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கவயல் அக்கா கிட்டே வந்தார். "அடி ஊமைக்கோட்டான்! அது எப்படி, இன்னொரு தடவ காட்டு. எனக்கு ரெண்டு வருஷமா தரைன்னாலே பயம்."

"எனக்கும்தாம்மா" என்றார் ஐயா.

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. மற்றவர்களுக்காகத்தான் நாற்காலி போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பன்னிரண்டு பேரும் அதில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் பூஜ்யத்தையெல்லாம் அடித்துவிட்டு வேறு எண் எழுதினார்கள். அக்காவுக்கு நாலு. "வம்சத்துல இல்லன்னீங்க?" என்று அவருக்கு வந்த காலேஜ் பிள்ளை கேட்டதற்கு, "நான் கட்டிக்கிட்டு வந்தவடி" என்றார்.

வெளியே வரும்போது அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம், "இத வீட்டுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "பேரே எழுதல பாருங்க பாட்டி." மூச்சு நன்றாக வந்தது.

வீட்டுக்கு வந்து நானே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது. மருமகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் வாம்மா" என்று கூப்பிட்டு, சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஒரு மணி நேரமா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே அத்தே."

"போன் மேசை மேல இருந்துச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம், "எழுந்து காட்டுங்க" என்றாள். காட்டினேன். "இன்னொரு தடவ" என்றாள். இரண்டாவது தடவை அவளுடைய கை என் முதுகுக்குப் பின்னால் தொடாமல் நின்றது எனக்குத் தெரிந்தது. மத்தியானச் சமையலை அப்படியே விட்டுவிட்டு மகனுக்குப் போன் போட்டாள். "உங்கம்மா ரெண்டாவது தடவையும் விழுந்தாங்களாம். இல்ல, இருங்க, முழுசாக் கேளுங்க. இப்ப அவங்களே எழுந்துக்கிறாங்க. நான் கண்ணால பார்த்தேன்."

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முதல் மணி அடித்ததும் செருப்பை மாட்டினேன். மகன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி, "போனை இடுப்புல செருகிக்கங்கம்மா, பையில வேணாம்" என்றான். செருகிக்கொண்டு படி இறங்கினேன்.