அக்காவுக்குப் படித்துச் சொன்ன மௌனப்படம்

என் அக்காவின் ஒரே மகன் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தினமும் கெலாங் பாத்தாவிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போனவன். ஒரு லாரி மோதிவிட்டது. அக்காவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்ததால், அது முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. கருமாதியைத் தொலைவில், லாபிஸில் நடத்தினோம். அக்காவைத் தெப்ராவில் என் வீட்டில் வைத்துக்கொண்டோம். கம்பெனி அவனைப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பியிருக்கிறது, அங்கே கைப்பேசி அனுமதி இல்லை என்று சொன்னோம். யாராவது துக்கம் விசாரித்துவிடுவார்கள் என்று அவளுடைய கைப்பேசியையும் பழுது என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

ஒரு மாலை, ஞாயிறு இதழுக்கு எழுதுவதற்காகப் பழைய மௌனப்படம் ஒன்றைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்பெற்ற பிரெஞ்சு நாவலிலிருந்து எடுத்த படம். மீனவர் ஊர், கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆட்களின் வாய் அசையும். பிறகு கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் வசனம் வரும்.

"படிச்சு சொல்லு லா" என்றாள்.

காலமெல்லாம் செய்தி மொழிபெயர்த்த எனக்கு அது சிரமமில்லை. முன்பே பார்த்து வைக்காததுதான் தவறு. துறைமுக அலுவலகத்தில் ஓர் அதிகாரி தாயிடம் கடிதத்தை நீட்டினார். அடுத்து வந்த வசனம், உங்கள் மகன் கடலில் இறந்துவிட்டான் என்றது.

"மகன் வர தாமதமாவுமாம்" என்று படித்தேன்.

திரையில் அந்தத் தாய் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். வாய் திறந்து அழுதாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை.

"தாமதமாவும்னதுக்கா இந்தம்மா இப்படி விழுந்து அழுவுது?"

உடம்புக்கு முடியாதவள் என்றேன். அடுத்த வசனத்தையும் மாற்றினேன், அதற்கடுத்ததையும். நான் சொன்ன கதையில் மகன் வந்துகொண்டிருந்தான். திரையில் பெண்கள் கறுப்பு உடையில் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுனியா?" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் என்னிக்கு?"

"வியாழக்கிழமைக்கா."

"அது வரைக்கும் நீ படிச்சபடியே இருக்கட்டும்."

படம் ஓடியது. வசனங்கள் வந்து போயின. நான் எதையும் படிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாத்திரை நேரம் வந்தது. தண்ணீர் எடுத்துவர நான் எழுந்திருக்க வேண்டும். அவள் பிடி தளரவில்லை.