பல்லி, சென்னை, பன்னி

மணிபிளான்ட் பாட்டிலில் தண்ணீர் மாற்ற மறந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், பாசியும் பழைய சோற்றுத் தண்ணீரும் கலந்த மாதிரி. நேற்றுக் காலை அந்த வாடை வந்ததும் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இனி ஒரு மணி நேரம் நான் சாவித்திரம்மா வீட்டு மாடியில்தான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் வேலைக்கென்று பெங்களூர் வந்தவனுக்கு ராஜாஜிநகரில் மாடி அறை கொடுத்தவர் சாவித்திரம்மா. கணவர் போன பிறகு தனியாக இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடம் வராது. ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே போவேன். அங்கே முழுக்க நம்மூர் ஆட்கள். கற்றுக்கொள்ள அவசியமும் இல்லை, நான் சோம்பேறியும்கூட. என்னை "பா" என்று கூப்பிடுவார், 'வா' என்று அர்த்தம். போனால் தட்டில் ஏதாவது இருக்கும். ஒன்றரை மாதத்தில் நான் கற்ற கன்னடம் அவ்வளவுதான்.

அறை வெறிச்சென்று இருக்கிறதென்று தன் வீட்டு மணிபிளான்டில் ஒரு துண்டு வெட்டி, ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது, எல்லாம் கை ஜாடைதான். வேர் விட்டதா என்று தினமும் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

வேர் வருவதற்குள் காவிரித் தகராறு வந்துவிட்டது. தமிழ் ஆட்களை அடிக்கிறார்கள் என்று ஒர்க்‌ஷாப்பே ஊருக்குக் கிளம்பியது. நானும் பாட்டிலை அவரிடம் கொடுத்து, எங்கள் தெரு மளிகைக்கடையின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பத்தூருக்கு ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து மளிகைக்கடை அண்ணன் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, பெங்களூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணுச்சு. ஒரு எழவும் புரியல. பல்லிங்குது, சென்னைங்குது, கடைசியா பன்னி, பன்னின்னு சொல்லிட்டு வச்சிடுச்சு."

அப்பா முகம் மாறிவிட்டது. "பன்னியா? போதும்டா. இனிமே அந்த ஊர்ப் பக்கமே தலை வச்சுப் படுக்காத."

அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்து கிடந்த நேரம், நானும் நம்பினேன். ஆம்பூரில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஐந்து வருடம் கழித்து, கம்பெனி வேலையாகப் பெங்களூர் வந்தபோது சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்து, "முந்தெ பன்னி, முந்தெ பன்னி" என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன சார் இப்படித் திட்டுறாரு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்.

"திட்டலப்பா. முன்னாடி வாங்கன்னு மரியாதையா கூப்பிடுறாரு."

"அப்போ பல்லி, சென்னைன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "பள்ளின்னா கொடி. 'சென்னாகிதெ'ன்னா நல்லா இருக்கு."

கொடி நல்லா இருக்கு, வாங்க. என்னிடம் பேசியிருந்தால் "பா" என்றிருப்பார். கடை அண்ணனின் குரலை என் அப்பா என்று நினைத்து மரியாதையாகப் பேசியிருக்கிறார். ஐயோ, அந்த மரியாதையைத்தான் வசவாக எடுத்துக்கொண்டோம்.

அப்படியே ராஜாஜிநகர் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே தையல்கடை வைத்திருந்த தமிழர்தான் சொன்னார்.

"அவங்க தவறி எட்டு மாசம் ஆவுது சார். மாடி ரூமை யாருக்கும் விடல. ஊருக்குப் போன பையன் வருவான், வருவான்னுட்டு ஜன்னல்ல ஒரு பாட்டிலுக்குத் தண்ணி மாத்திக்கினே இருந்தாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் கம்பி முழுக்கக் கொடி சுற்றியிருந்தது, காய்ந்து சருகாக. அது ஏறுவதற்கு அவர் கட்டிவிட்ட நூல் அப்படியே இருந்தது.

இப்போது அந்த வீடும் இல்லை, தையல்கடையும் இல்லை. நான் இந்த ஊரிலேயே குடியேறிவிட்டேன், கன்னடமும் சரளமாக வருகிறது. வாசலில் யார் வந்து நின்றாலும் "பன்னி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறேன். எங்களை அப்படிக் கூப்பிட்டவர் வீட்டுக்குத்தான், அவர் இருந்தவரை நான் போகவில்லை.