என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிந்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அக்காவை ஒரே விதமாக அறிந்திருப்பீர்கள். இளம் வயதில் கணவரை இழந்தவர், கைகால் வராத மகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர் என்று. "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பீர்கள். அந்தச் சொல் அக்காவுக்குப் பிடிக்காது. உடன்பிறந்தவன் என்ற முறையில், நான் கண்டதையும், நான் செய்யத் தவறியதையும் இங்கே எழுதிவைப்பது என் கடமை.

புதுச்சத்திரத்தில், கிணற்றுத் தண்ணீரை நம்பிய குடியானவக் குடும்பத்தில் அக்கா பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த மூவரும் தங்கவில்லை. அக்கா பிறந்து ஒன்பது ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அந்த வழியே காட்டு வேலைக்குப் போவார்.

ஜேடர்பாளையத்துக்கு அருகே, வாய்க்கால் பாயும் ஊரில் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு மகள் போகிறாள் என்று எங்கள் தாயாருக்குப் பெருமை. மேட்டூரில் அணை வேலை தொடங்கியிருந்த சமயம் அது. மாமா அங்கே கல் வண்டி ஓட்டப் போனார். காய்ச்சலோடு திரும்பி வந்து எட்டாம் நாள் கண்ணை மூடினார். அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

பிரசவ வலி இரண்டு நாள் நீடித்தது. பிறந்த குழந்தை அழவில்லை. மருத்துவச்சி கவிழ்த்துப் பிடித்துத் தட்டி, தண்ணீர் தெளித்து, வெகுநேரத்துக்குப் பிறகே ஒரு முனகல் கேட்டதாம். பாவாயி என்று பெயர் வைத்தார்கள். மாதங்கள் போயின. குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொண்டன. கையை நீட்டினால் அது வேறு பக்கம் போயிற்று. வாயிலிருந்து வந்த ஒலி யாருக்கும் புரியவில்லை. வைத்தியர்கள் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார்கள். எந்தக் கோயில் சொன்னாலும் அக்கா அங்கே நடந்தார்.

குழந்தைக்கு ஐந்து வயதானபோது சேலம் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பிறக்கும்போதே மூளையில் அடிபட்டிருக்கிறது, இது மருந்தால் குணமாகாது என்று சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்போது அங்கே வேலை பார்த்த நர்ஸ் மரியம்மாள் அம்மையார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செவ்வாய்ப்பேட்டைக்காரர். முதல் உலகச் சண்டையில் கைகால் விழுந்துபோன சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் இருந்தவர்.

"குழந்தைக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார்.

அக்கா சொல்லத் தொடங்கினார். உட்கார வராது, நிற்க வராது, பிடிக்க வராது, பேச வராது.

"என்னென்ன வராதுன்னு சொல்லிட்டே. சரி, இவளுக்கு எது பிடிக்கும்? எதைச் செய்யணும்னு ஆசைப்படறா?"

அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "அது தெரியலீங்களே" என்றார். அப்போதுதான் அக்கா அழுதார். டாக்டர் சொன்னதற்கு அழாதவர், இதற்கு அழுதார். பெற்று ஐந்து வருடம் வளர்த்த பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் இருந்துவிட்டேனே என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அம்மையார் ஒரு சிப்பாயைப் பற்றிச் சொன்னார். விரலை மடக்கு, நீட்டு என்றால் அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஒருநாள் தன் பீடியைத் தானே சுற்ற வேண்டும் என்று சொன்னாராம். இலையும் தூளும் கொடுத்தபின் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. கை ஓரளவுக்குத் திரும்பி வந்தது. "குணமாகாதுன்னு டாக்டர் சொன்னது சரிதாம்மா. ஆனா இவ வாழணும் இல்ல? எப்படி வாழணும்னு இவளையே கேளு. வாயால சொல்லமாட்டா. கண்ணைப் பாரு."

ஊருக்குத் திரும்பிய அக்கா ஒரு மாதம் வேறெதுவும் செய்யாமல் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கும்போது மட்டும் பாவாயியின் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. படுத்தபடியே நகரப் பார்த்தாள். அவளுக்கு அந்த வட்டத்தில் உட்கார வேண்டும்.

உட்கார வைத்தால் சரிந்து விழும் பிள்ளை. அக்கா களத்தின் ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு சிறு குழி தோண்டினார். சாக்கு விரித்து, உள்ளே ஒரு படி வெட்டி, அதில் குழந்தையை உட்காரவைத்து, சுற்றிலும் மணல் போட்டு அணைத்தார். உடம்பை மண் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதன்முறையாகப் பாவாயியின் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்தன. அக்கா கடலைக்காயைப் பாதி உடைத்துக் கொடுத்தார். கை அங்கும் இங்கும் போய், வாய் கோணி, உச்சிவெயில் ஏறும் வரை போராடி, பாவாயி ஒரு பருப்பை வெளியே எடுத்தாள். எடுத்ததைத் தின்னவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முறத்தில் போட்டாள்.

ஆனால் குழியைப் பார்த்த அக்காவின் மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கற புள்ளையக் குழியில எறக்குவாங்களா? எம்பையனைத்தான் முழுங்கீட்ட, இதையுமா?" என்று கேட்டார். வீட்டார் குழியை மூடச் சொன்னார்கள். மூடினார் அக்கா. மறுநாள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள் தந்தையார் ஏன் என்று கேட்கவில்லை. "எங்க தோண்டோணும், அம்மிணி?" என்று மட்டும் கேட்டு, மண்வெட்டியை எடுத்தார்.

அக்கா தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே ஒப்பமாட்டார். பாவாயிக்கு ஒன்பது வயதானபோது அவளை நடக்கவைத்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு வெறி பிடித்தது. ஆசாரியிடம் சொல்லி இரண்டு மூங்கில்களை இடுப்புயரத்துக்கு நட்டு, நடுவில் அவளைப் பிடித்து நிறுத்தி, தினமும் காலையும் மாலையும் நடக்கப் பழக்கினார். பாவாயி அலறுவாள். கால் பின்னும், விழுவாள், அக்கா தூக்கி நிறுத்துவார். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி. கடைசியில் பாவாயி சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் அக்கா அவள் எதிரில் உட்கார்ந்து, "உனக்கு நடக்கோணும்னு இருக்குதா, சாமி?" என்று கேட்டார். அதற்குள் பாவாயியின் பேச்சு எங்களுக்குக் கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்தது. "இல்ல" என்றாள். வாசல் பக்கம் கண்ணைத் திருப்பி, "போகோணும்" என்றாள்.

நடக்க வேண்டாம், ஆனால் போக வேண்டும். ஆட்டுப்பட்டிக்குப் போக வேண்டும், கிணற்றடிக்குப் போக வேண்டும், வாசலுக்குப் போக வேண்டும். "நடக்கோணும்னு ஆசப்பட்டது நானுடா தம்பி. அவ ஒருநாளும் கேக்கல" என்று என்னிடம் சொன்ன அக்கா, அந்த மூங்கில்களைத் தம் கையாலேயே பிடுங்கினார். அதே ஆசாரி நான்கு சிறு சக்கரம் வைத்து, தரையோடு ஒட்டிய ஒரு பலகை செய்து கொடுத்தார். பாவாயி அதில் குப்புறப் படுத்து, கையால் தரையை உந்தி, அன்று மாலையே ஆட்டுப்பட்டிக்குப் போனாள்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு தந்தையார் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்தபோது கிணற்று மேட்டில் விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சு குழறியது. நான் அப்போது ஆசிரியர் வேலைக்கு வந்துவிட்டேன். அவரைத் தரையில் கால் வைக்கவிடாமல் தாங்கினோம். சோறு ஊட்டுவேன், முகம் துடைப்பேன், வேட்டி கட்டிவிடுவேன். நான் நல்ல மகன் என்று ஊரார் புகழ்ந்தார்கள். தந்தையார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா ஒருநாள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"ஐயா, உங்களுக்கு எது ரொம்பச் சங்கட்டமா இருக்குதுங்க?"

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தந்தையாரின் குழறிய குரல்: "வேட்டி."

பெற்ற மகன் தினமும் தம் வேட்டியை அவிழ்த்துக் கட்டுவது அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. அக்கா வேட்டியின் ஒரு முனையில் கயிறு வைத்துத் தைத்தார். சுவரில் சாய்ந்து நின்று, கயிற்றைப் பல்லில் கவ்வி, இடக்கையால் சுற்றிச் செருகத் தந்தையாருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எத்தனையோ முறை அவிழ்ந்து விழுந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்; உதவிக்குப் போகமாட்டார். எனக்குக் கோபம் வரும். "ஏக்கா, பாத்துட்டு நிக்கறீங்களே" என்பேன். "அவரு என்னையக் கூப்பிடல, தம்பி" என்பார்.

ஒருநாள் தந்தையார் தாமே வேட்டி கட்டிக்கொண்டு, தடியை ஊன்றிக் கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்தார். கவலை ஓட்டியவனைப் பார்த்து, "கயித்தத் தளத்துடா" என்று குழறினார். மாடுகளுக்கு அந்தக் குரல் தெரிந்தது. இரண்டு ஆண்டு அப்படி வாழ்ந்துவிட்டுத்தான் போனார்.

செய்தி பரவி, சுற்று ஊர்களிலிருந்து சிலர் தம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கொண்டுவந்தார்கள். அக்கா யாருக்கும் குணமாகும் என்று சொன்னதில்லை. கரண்டிப் பிடிக்குத் துணி சுற்றித் தடிமனாக்குவார். சோற்று வட்டில் நகராமலிருக்க அடியில் ஈரக் களிமண் வைப்பார். சிலருக்குப் பயன்பட்டது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் போனபின் அக்கா அன்று சாப்பிடமாட்டார்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. சண்டைக் காலம், மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. சேலத்தில் பார்த்த டாக்டர் காலம் கடந்துவிட்டது என்றார். வலியை அக்கா பல மாதம் மறைத்திருக்கிறார். கடைசி வாரங்களில் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பாவாயி தலை வாரிக்கொள்வதை, தட்டத்தில் தானே உண்பதை, பலகையில் ஏறுவதைப் பார்க்கவைத்தார். "நீங்க இருக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா பாசத்துல அல்லாத்தையும் நீங்களே பண்ணிப்போடுவீங்க. அதுதான் எனக்குப் பயம்" என்றார். அவர் சொன்ன கடைசி நீண்ட பேச்சு அது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள்.

அக்காவைப் பாடையில் வைத்து, வாய்க்கரிசி போடுகிறார்கள். வரிசையில் பாவாயியின் முறை வந்தது. பலகையில் வந்து, தலைமாட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கை நிறைய அரிசியை எடுத்தாள். கை நடுங்கி அரிசி சிதறியது. மீண்டும் எடுத்தாள். மீண்டும் கை தவறிப் போயிற்று. பொழுது சாய்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். தூக்குகிறவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து, அவள் மூடியிருந்த விரல்களைப் பிரித்து, அந்த அரிசியை எடுத்து நானே போட்டுவிட்டேன். பாவாயி என்னைப் பார்த்தாள். எங்கள் தந்தையார் கட்டிலில் கிடந்து என்னைப் பார்த்த அதே பார்வை. "தூக்குங்க" என்றேன்.

ஓர் ஆண்டாக எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "செரி மாமா" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. திரும்பச் செய்ய முடியாத காரியங்களில் அதுவும் ஒன்று.

அக்காவின் நோயில் சேலத்திலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் மாதந்தோறும் வந்து பார்த்த, வயது முதிர்ந்த மரியம்மாள் அம்மையாருக்கும், கேட்டபோதெல்லாம் மரத்தைக் கையிலெடுத்த ஆசாரியாருக்கும், களத்து வட்டத்தில் எங்கள் பிள்ளைக்கு இடம்விட்டு உட்கார்ந்த பெண்மக்களுக்கும், சிகிச்சையளித்த டாக்டருக்கும், கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த என் மனைவிக்கும், இறுதிச் சடங்குக்கும் இன்றைய திதிக்கும் வெயிலில் நடந்துவந்த உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பாவாயியிடம் படித்துக் காட்டினேன். இதில் உன் சார்பாக ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் சொன்னது சொன்னபடியே இது:

"எங்கம்மா என்னைய ஒருநாளும் அவசரப்படுத்துனதில்லீங்க."