வரி இல்லாத சாமான்கள்

ஜனவரி பிறந்தால் வற் என்கிற பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டாகிறது, இதுவரை விலக்கி வைத்திருந்த சமையல் காஸுக்கும் இனி வரி உண்டு என்று வானொலியில் சொன்னபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பயம் வந்தால் ‘சும்மா இருங்க’ என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு அதைச் சொல்கிறவள் கட்டாரில் இருந்தாள். மகளுக்குத் தலைப்பிள்ளை. பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் வந்துவிடுவேன் என்று போன என் மனைவி, நாற்பது கழிந்தும் வரவில்லை.

கல்முனைப் பக்கம் எங்கள் ஆட்களிடம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் இருக்கும் வீடு அவளுடைய சீதனம். மாவடிப்பள்ளியில் கிடக்கும் வயலும் அவளுடையது. இத்தனை வருடமும் நான் அந்த வீட்டில் மரியாதையான ஒரு விருந்தாளி. வீட்டுக்காரி இல்லாத வீட்டில் விருந்தாளி என்ன செய்வான்? சீனிப் போத்தல் எங்கே என்று கட்டாருக்குப் போன் எடுத்துக் கேட்பான்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிய அவள் அழைப்பாள்.

“சமைச்சீங்களா?”

“ஓம். மீன் ஆணம்.”

“முருங்கக்கா போட்டீங்களா?”

“போடாம? உண்ட கைய விட எண்ட கை திறம் எண்டு பூனையே சொல்லுது.”

அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டாள் என்றால் எனக்கு வெற்றி. வெற்றியின் பலன் சில நாளில் வந்தது. “நீங்கதான் நல்லாச் சமாளிக்கிறீங்களே. மகள் பாவம், இன்னும் கொஞ்சம் நிண்டுட்டு வாறன்” என்றாள். “நில்லு புள்ள, எனக்கென்ன, ராசா மாதிரி இரிக்கன்” என்றேன். போனை வைத்துவிட்டு ராசா எழும்பிப் போய் மின்சாரக் கேத்தலில் தண்ணீர் வைத்து, நூடில்ஸ் உறையைப் பல்லால் கிழித்தார். நான் மீன் ஆணமோ வேறு குழம்போ காய்ச்சியதே இல்லை. வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. பகிடிக்குப் பழகிய வாய் அது.

இந்த நிலையில்தான் வரிச் செய்தி. காஸுக்காக வெறும் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டிவிட்டு வெயிலில் வரிசை நின்ற காலத்தில் என்னைப் பிடித்த, சாமான் சேர்க்கும் நோய் இன்னும் மாறவில்லை. ஓட்டோ பிடித்துச் சுப்பர்மார்க்கட்டுக்குப் போனேன். சலவைத்தூள், பற்பசை, தேயிலை, பிஸ்கட், நூடில்ஸ், கட்டுக் கட்டாகச் சவர்க்காரம், பக்கற்றில் அடைத்த அரிசி. வரும் வழியில் ஒரு காஸ் சிலிண்டரும்.

“காக்கா, கடை போடப் போறீங்களா?” என்று அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டான் ஓட்டோக்காரன்.

“இல்ல தம்பி, புயல் வருது.”

“எங்க? ரேடியோல ஒண்டும் சொல்லல்லயே.”

“அதான் சொன்னாங்க” என்றேன்.

சாமான்களை வீட்டு மண்டபத்தில் அடுக்கிவிட்டு, வெற்றி பெற்ற தளபதி போல் நடுவில் உட்கார்ந்து, போனில் வரி விபரத்தை ஆறுதலாகப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அரிசிக்கு வற் இல்லை. பாண் ரொட்டிக்கு இல்லை. மரக்கறிக்கும் பச்சை மீனுக்கும் இல்லை. சவர்க்காரத்துக்கு உண்டு, ஆனால் அது இன்று நேற்று வந்ததல்ல, உறையில் அடித்த விலைக்குள்ளேயே எந்நாளும் ஒளிந்திருந்திருக்கிறது. மூன்றை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினைந்தைக் கையோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அவள் இருந்தபோது எங்கள் குசினி வயல் அரிசியிலும், வாசலுக்கு வரும் மீனிலும், மதிலோரத்து முருங்கையிலும் ஓடியது. எல்லாம் வரி இல்லாத சாமான்கள். அவள் போன பிறகு நான் தின்றதெல்லாம் உறையில் வந்தது. அந்த உறைகளுக்கெல்லாம் வரி இருந்தது. அவளுடைய கைக்கு மட்டும் இத்தனை காலமும் யாரும் வரி போடவில்லை. நான் உட்பட ஒருவரும் அதற்கு ஒரு பெறுமதி எழுதவில்லை.

மறுநாள் பின்னேரம் அவளுடைய தம்பி, தன் ராத்தாவின் வயலைப் பார்ப்பவர், வழமை போல் குற்றிய அரிசி மூட்டையோடு வந்தார். மண்டபத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மச்சான், இது என்ன?”

“அரிசி.”

“அரிசி எண்டு கண்ணுக்குத் தெரியிது. ராத்தாட வயல் கிடக்கக்குள்ள நீங்க கடையில அரிசி வாங்கினீங்களா? ஊருக்குத் தெரிஞ்சா வயல வித்துத் திண்டுட்டாரு எண்டு கதைப்பாங்க.”

“மெதுவாக் கதைங்க மச்சான். மதிலுக்கும் காது இரிக்கி.”

சிரித்துச் சிரித்தே புதுச் சிலிண்டரைப் பூட்டித் தருகிறேன் என்று குசினிக்குள் போனார். பழையதைத் தூக்கியவர் அப்படியே கீழே வைத்தார். சிரிப்பு நின்றது.

“இது ராத்தா போகக்குள்ள நான் பூட்டினதுதானே? இன்னும் பாரமாக் கிடக்கு. நீங்க என்னத்த மச்சான் சமைக்கிறீங்க?”

“மெல்லிய நெருப்பில சமைக்கிறன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எனக்கு முதல் அவர் எடுத்தார். அக்காவிடம் அரிசியைச் சொன்னார், சிலிண்டரைச் சொன்னார், போனின் கமராவைத் திருப்பி நூடில்ஸ் அடுக்கை ஒரு கண்காட்சி போலக் காட்டினார். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

“அந்த மஞ்சச் சவுக்காரம் ஆருக்கு?” என்றாள்.

பார்த்தேன். அவள் மட்டும் பாவிக்கும் சவர்க்காரம். ஒரு பெட்டி முழுக்க. எடுக்கும்போது நான் யோசிக்கவே இல்லை.

“வரி கூடுதே எண்டு...”

“மறுகா ஏன் என்ன நில்லு எண்டு சொன்னீங்க?”

வாயில் ஒரு பகிடி வந்தது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

“பகிடி விடாமச் சொல்லுங்க. நான் வரட்டா?”

மச்சான் போனை என் கையில் தந்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

“ஓம்” என்றேன்.

அங்கே பிள்ளை அழுதது. அவள் எழும்பிப் போனாள். திரையில் வெறும் கதிரையும் ஒரு துண்டுச் சுவரும் தெரிந்தன. அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு குரற்செய்தி வந்தது. “மருமகனுக்கு லீவு கிடைச்சதும் வாறன். எப்ப கிடைக்கும் எண்டு தெரியா. அதுவரைக்கும் அந்த நூடில்ஸத் தொடப்படாது.”

அடுத்த நாள் காலையில் சந்தைக்குப் போனேன். மழைக்காலம், கடல் மீன் இல்லை. குளத்து மீனைக் கூறு கூறாக வைத்திருந்தார்கள்.

“ஒரு ஆளுக்குத் தாங்க.”

“ஒரு ஆளுக்கெண்டு கூறு வைக்கிறல்ல காக்கா. குடும்பத்துக்குத்தான் வைக்கிற.”

முழுக் கூறையும் வாங்கி வந்து, முருங்கைக்காயும் போட்டு ஆணம் காய்ச்சினேன். உப்புக் கூடிவிட்டது. சட்டி நிறைய மீதி. அஸருக்கு முதல் ஒரு தடவை குசினிக்குப் போய்ப் பழைய சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று.

பாரமாகத்தான் இருந்தது.